பெயர் சொல்லாத மரியாதை

...சொல்ல மாட்டார், இந்த வருடமும் வேலஸ் ஹாப்குட் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார், தொண்டையைச் செருமி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் குரலை ஒரு படி இறக்கி, "மதகுல இருந்த ஆளோட குடும்பம் இன்னும் நம்ம ஊர்லதான் இருக்கு, அதனால பேர் வேணாம்" என்பார், உடனே அறையிலிருக்கிற மண்டைகள் எல்லாம், திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கொஞ்சமாகத் திரும்பும், மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலிகள் இரண்டை நோக்கி. ஒன்றில் நதாலி, இன்னொன்றில் அவள் அம்மா இமெல்டா. பெயரைச் சொல்லித் தொலைத்தாலாவது எழுந்து பதில் சொல்லலாம், என் அப்பா ஓவீட் லெவாசர் அப்படிப்பட்டவர் இல்லை, உங்களுக்கு முழுக் கதை தெரியாது என்று சொல்லலாம், சொல்லாத பெயருக்கு யார் எழுந்து பதில் சொல்வது, எழுந்தால் அவளே அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்தின மாதிரி ஆகும், எழாவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஆல்டர் ஃபால்ஸ் ஊரில் இதற்கு மரியாதை என்று பெயர். சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்குப் பாத்திரம் கொண்டுபோவது, நாலு வழிச் சந்திப்பில் நீ முதலில் போ என்று கை காட்டுவது, அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

திரையில் இப்போது மரக்கட்டைகள் மிதந்தன, ஆறு தெரியாதபடி கட்டைகள், அவற்றின் மேல் ஆணி வைத்த பூட்ஸ் போட்ட ஆட்கள். நீச்சல் தெரியாத கட்டை ஓட்டியின் கதையை ஹாப்குட் சொன்னார், போன வருடம் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார், போன வருடம் சிரித்த அதே ஆட்கள் சிரித்தார்கள். சுவரோரம் வெப்பக் குழாய் டக் டக்கென்று அடித்தது. நூலகத்தின் இந்தக் கீழ்த்தளத்துக்கு மற்ற மாதங்களில் எட்டுப் பேர் வந்தால் பெரிது, பழைய கல்சுவர்களைப் பற்றிப் பேசினார்கள், தேனீயைப் பற்றிப் பேசினார்கள், நூலகர் டார்லா தானே போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள் பேச வந்தவர் மனம் நோகக் கூடாதென்று, ஆனால் ஏப்ரலில் வெள்ளம் என்று தபால் நிலையக் கதவில் ஒரு பச்சைத் தாள் ஒட்டிவிட்டால் போதும், அனைவரும் வருக, அனுமதி இலவசம், காபி உண்டு, தேவாலயத்திலிருந்து மடக்கு நாற்காலி கடன் வாங்க வேண்டிவரும். வெள்ளம் என்றால் ஊருக்கே பசி எடுத்துவிடுகிறது. நுழைகிற இடத்தில் மேசைமேல் கண்ணாடி ஜாடி, ஆற்றுப் பனி எந்த நாள் உடையும் என்று ஊகித்துச் சீட்டுப் போடலாம், சரியாகச் சொன்னவருக்கு மேப்பிள் பாகு ஒரு டின். அவளைக் கடந்து போனவர்கள் எல்லாரும் சீட்டுப் போட்டார்கள். எவருக்காவது கை கூசியதா? பனி உடைந்த ஒரு ராத்திரியில் ஆற்றங்கரைத் தெருவில் இரண்டு பேர் தூக்கத்திலேயே செத்தார்கள், இவர்களுக்கு அது பாகு டின். சரி, நீயும் சின்ன வயதில் போட்டவள்தானே... போட்டேன், தெரியாமல் போட்டேன், தெரிந்த பிறகு போடவில்லை, இது ஒரு பெரிய யோக்கியதையா, தெரியவில்லை.

கோபத்தை முறைப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். முறைப்படி செய்வது அவளுக்குப் பழக்கம். பல் மருத்துவரிடம் வேலை, மேல் வரிசை வலக்கோடியில் தொடங்கி ஒரு பல்லையும் தாண்டாமல் சுற்றி வந்து கீழ் வரிசையில் முடிப்பாள், இந்த அறையில் பாதிப் பேரின் வாய்க்குள் அவள் கை போயிருக்கிறது. முன் வரிசை லியோ சிர்ருக்கு இடப்பக்கம் மூன்று பல் கட்டியது, பீன்ஸ் விருந்தில் ஒருமுறை கழன்று விழுந்து, எவனாவது அதைத் தின்றால் நானே பில் அனுப்புவேன் என்றவர். ஹாப்குட்டின் ஈறு ரத்தம் கசியும். தினமும் பல்லிடுக்கில் நூல் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று பொய் சொல்வார், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வரலாறு நடத்தியவர், பொய் சொல்லும்போது மாணவர்கள் மாதிரியே மேலே பார்ப்பார். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்தில் அடித்து, கையில் கூர்க் கொக்கியோடு நின்றபோதெல்லாம் கேட்டிருக்கலாமே, சார், அந்தப் பெயரை ஏன் விழுங்குகிறீர்கள் என்று. கேட்கவில்லை. வாயைக் கொப்பளியுங்கள் என்றாள். ஒவ்வொரு ஆறு மாதமும் வாயைக் கொப்பளியுங்கள்.

பக்கத்தில் அம்மா கோட்டைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கைப்பை மடியில், இரண்டு கையும் கைப்பை மேல், பூசைக்கு உட்கார்ந்த மாதிரி. வர வேண்டாம் அம்மா, நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று இன்று சாயங்காலம் கூடச் சொல்லிப் பார்த்தாள். யார் பேச்சையும் கேட்டு நான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கற ஆளு இல்ல என்று அம்மா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டாள். அந்தத் திமிர் நதாலிக்குப் பிடிக்கும். தனக்கு அது வரவில்லையே என்று பொறாமை கூட. ஊரே பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள் பார், இவளுக்காகவாவது இன்று கேட்டே ஆக வேண்டும்.

அணையின் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் ஆலையின் புகைபோக்கி, அதற்கு முன்னால் அணை, அதன் மேல் மரப்பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. அப்பாவின் அறை. நான்கு மதகுகளும் அந்த அறையிலிருந்து கையால் சுற்றித் திறப்பது, ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி, சுவரில் ஆலையோடும் மேலாளர் வீட்டோடும் பேச ஒரு போன். அந்த போன்தான் எல்லாம். மேலே ஆற்றில் பனி உடைந்து பாளம் பாளமாக வந்து அடைக்கிறது, நீர் ஏறுகிறது, மதகைத் திறந்தால் நீர் இறங்கும், தெரு பிழைக்கும், ஆனால் நீர் இறங்கினால் ஆலையின் காகித எந்திரம் நிற்கும், அதனால் அப்பா போன் எடுத்து மேலாளரைக் கேட்டார், மேலாளர் கார்வர் படுக்கையிலிருந்தே விடியட்டும் பார்க்கலாம் என்றார். விடிவதற்குள் தெரு போய்விட்டது. கார்வர் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றார், மதகுக்காரன் தூங்கிவிட்டான் என்றார்கள், குடித்திருந்தான் என்றார்கள், அந்த அறையிலேயே இல்லை என்றும் சொன்னார்கள், ஒரே ஆள் எப்படி அங்கே தூங்கவும் முடியும், அங்கே இல்லாமலும் இருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நதாலிக்கு நடை பழகுகிற வயது. கார்வர் பெயரில் இன்று பூங்கா இருக்கிறது, அதில் ஊஞ்சல் இருக்கிறது. அப்பாவைக் கட்டை அடுக்கும் முற்றத்துக்கு மாற்றினார்கள், அவர் அடுக்கினார், நுரையீரல் போகும்வரை அடுக்கினார். செத்த இரண்டு பேரில் ஒருத்தி லியோ சிர்ரின் அக்கா. பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு லியோ அவளிடம் எத்தனையோ வேடிக்கை பேசியிருக்கிறார், அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, பேசியிருந்தால் தேவலை என்று அவர் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே நினைத்திருக்கிறாள்.

அடுத்த படத்தில் ஒரு குதிரை. வெள்ளத்துக்கு மறுநாள், ஒரு வீட்டு முகப்பில், இடுப்பளவு தண்ணீருக்கு மேலே படியேறி நிற்கிறது. "இவதான் டோலி" என்றார் ஹாப்குட், பாசமாக, "பால் வண்டிக் குதிரை, ரெண்டு நாள் அப்படியே நின்னா." அறை முழுக்க அச்சச்சோ என்றது. டோலி. குதிரைக்குப் பெயர் இருக்கிறது. பால் வண்டிக் குதிரையின் பெயர் இந்த ஊர் வரலாற்றில் ஏறிவிட்டது. நதாலிக்குக் காது சுட்டது, கழுத்துவரை சுட்டது, இனி வரப்போகிற வாக்கியத்தை அவள் பற்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தாள், வந்தது, தொண்டை செருமல், கண்ணாடி, ஒரு படி கீழே இறங்கிய குரல், "மதகு அன்னிக்கு நேரத்துக்குத் திறக்கல. ஏன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியாது. அந்த ஆளோட குடும்பம்..." இங்கே அவர் தடுமாறினார், அடுத்த சொல்லை எங்கோ வைத்துவிட்டவர் மாதிரி வாயைத் திறந்தபடி நின்றார், பிறகு கண்டெடுத்தார், "...நம்ம ஊர்லதான் இருக்கு, அதனால பேர் வேணாம்." மண்டைகள் திரும்பின. கொஞ்சமாக, மரியாதையாக. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உடம்பில் ஏதோ ஒன்று தளர்ந்தது, தோள் அரை விரற்கடை இறங்கியது, பாவம், எவ்வளவு இறுக்கி வைத்திருந்திருப்பாள் என்று நதாலி நினைத்தாள்.

விளக்கைப் போட்டார்கள். டார்லா முன்னால் வந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றாள், ஆனால் கேள்வியாக இருக்க வேண்டும், பிரசங்கம் கூடாது, கல்சுவர்க் கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும் என்றாள், சிரித்தார்கள். நதாலி மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான், கோபத்தைக் கேள்வியாக ஆக்குவது. காலையில் குளிக்கும்போது ஒரு கேள்வி, அது கத்தலாக இருந்தது. காரில் ஒன்று, அது கெஞ்சலாக இருந்தது. நீங்கள் வரலாற்று ஆசிரியர்தானே என்று தொடங்கும் ஒன்று இருந்தது, அது குத்தலாக இருந்தது, அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது, அதனாலேயே அது சரியில்லை என்று தள்ளினாள். லியோ உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார், "யோவ் வேலஸ், இந்த வருஷம் பனி என்னிக்கு உடையும்? ஆத்துக்கு உன்கிட்ட ரகசியம் கிடையாதுங்கறாங்க." ஹாப்குட், "தெரிஞ்சா டின்னத் தூக்கிட்டு எப்பவோ போயிருப்பேனே" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள், எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது, முழங்கால் முன்னாலிருந்த நாற்காலியில் இடித்தது.

"சார், மதகுல இருந்தவர் பேர் என்ன?"

கேள்விதான். பிரசங்கம் இல்லை. குழாய் டக் டக் என்றது. ஹாப்குட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், கழற்றினார், நதாலி, அது இப்போது எதற்கு என்கிற மாதிரி ஏதோ முனகினார்.

"உங்களுக்கு மறந்துபோச்சுன்னா நானே சொல்றேன். ஓவீட் லெவாசர். குதிரைக்குப் பேர் சொன்னீங்க, கார்வர் பேர நாலு தடவ சொன்னீங்க. எங்கப்பாவுக்கு மட்டும் என்ன கேடு? அவர் போன் பண்ணி மேனேஜரக் கேட்டார்னு ஏன் ஒரு வருஷம் கூடச் சொல்லல?"

அவள் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது, சின்னப் பெண் புகார் சொல்கிற குரல், அதற்காகவும் கோபம் வந்தது. லியோ மட்டும் திரும்பினார், முழுசாக, நாற்காலி கிறீச்சிட. வேடிக்கை முகம் இல்லை. "உக்காரும்மா" என்றார். "எங்களுக்குத் தெரியாத பேரா அது?" அடிப்பார் என்று எதிர்பார்த்த இடத்தில் அந்தக் குரலில் கனிவு இருந்தது, அது அவளை இன்னும் மோசமாக உசுப்பியது, நான் உங்களைக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் ஹாப்குட் அவளைப் பார்க்கவில்லை என்பதை அப்போது கவனித்தாள், முகம் சிவந்து, அனுமதி கேட்கிற பையன் மாதிரி, அவளுக்கு அடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரப் புடிச்சு ஏன் உலுக்கற" என்றாள் அம்மா. சத்தமாக இல்லை. "நான்தான் வேணாம்னேன். பேரும் வேணாம், போனும் வேணாம்னு நான்தான் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தேன். உக்காரு நதாலி."

உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய. வேறு யாராவது என்று டார்லா அவசரமாகக் கேட்டாள், பின்னாலிருந்து ஒருவர் அணையின் உயரம் எத்தனை அடி என்று கேட்டார், கடவுள் அவருக்கு நல்ல பல்லைக் கொடுக்கட்டும், ஹாப்குட் நன்றியோடு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பதில் சொன்னார். அடிக்கணக்குகள் நதாலியின் தலைக்கு மேலே போயின. கோபம் இருந்தது, அத்தனையும் அப்படியே இருந்தது, யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை, சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேசை தேடுகிற மாதிரி. பெயர் வேண்டாம் என்றது புரிகிறது. இந்த ஊரில் பிழைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், பெயர் ஊர் வாயில் புரள வேண்டாம் என்று ஒரு மனைவி நினைக்கலாம், அவமானம், சரி. ஆனால் போன் ஏன் வேண்டாம்? போன்தானே அப்பாவைக் காப்பாற்றுவது. போனைச் சொன்னால் பழி கார்வர் மேல் போகும், பூங்காவின் மேல், ஊஞ்சலின் மேல். அதைச் சொல்லாதே என்று எந்தப் பெண்டாட்டி போய்க் கேட்பாள்?

காபி மேசையருகில் ஒருவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார், யார் என்று பார்க்கவில்லை. ஹாப்குட் தூரத்தில் படம் காட்டிய கருவியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தார். போன் கதையை யார் சொன்னார்கள்? அப்பா. அப்பாதானே. எங்கே வைத்து? சமையலறையில், சாப்பாட்டு மேசையில், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு... அவர் என்ன சொன்னார்? அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், வலக்கோடியிலிருந்து, ஒன்றையும் தாண்டாமல். உங்கப்பா போன் பண்ணினார், அந்தப் பாவி விடியட்டும்னான். இது அம்மாவின் குரல். இரண்டு முறை பண்ணினார். அம்மாவின் குரல். கன்னியாஸ்திரீ வகுப்பில் பிள்ளைகள் கிண்டல் செய்து அழுதுகொண்டு வந்த அன்று, அப்பா நீ போன் பண்ணினியா என்று நேராகவே கேட்டாளே, அப்பா என்ன சொன்னார்? அப்பா எழுந்து அடுப்பில் விறகு வைத்தார். பண்ணினாருடி, சாப்பிடு என்றது அம்மா. அப்பாவின் குரலில் ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், பாதி வாக்கியம்... விறகு வைக்கிறார், கோட்டை எடுக்கிறார், இருமுகிறார். ஆஸ்பத்திரியில் கூட இருமல்தான்.

வெளியே மழையும் பனியுமாகத் தூறியது. காரில் அம்மா கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் கைக்குட்டைத் தாளில் சுற்றிய குக்கீ இரண்டு வைத்து உட்கார்ந்தாள். நதாலி வண்டியை எடுத்தாள், நூலகத்தைத் தாண்டி, தபால் நிலையம் தாண்டி, வாய் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயந்து, கத்தாமல் கேட்க ஒரு வழி தேடி, கடைசியில் சாதாரணமாக, உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "அம்மா, போன் பண்ணினதா அப்பா உங்கிட்டச் சொன்னாரா?"

"பாலம் வருது, பாத்துப் போ. வழுக்கும்."

பாலம் வந்தது. கீழே ஆறு இன்னும் மூடிக்கிடந்தது, விளக்கொளியில் சாம்பல் நிறமாக. பாலம் போனது. அம்மா ஒரு குக்கீயைப் பிட்டு அவளிடம் நீட்டினாள், அவள் வாங்கவில்லை, அம்மாவே தின்றாள், மெல்லுகிற சத்தம் கேட்டது, அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "வேலஸுக்கு இந்த வருஷம் தடுமாறுது, கவனிச்சியா? அந்த எடத்துல வந்து நின்னுட்டார். வயசாகுது, மறதி வந்துடும் போலிருக்கு" என்றாள். "அடுத்த வருஷம் முன் வரிசைல உக்காரணும் நாம."

நதாலி சாலையைப் பார்த்தே ஓட்டினாள். அம்மா தேனீக் கூட்டத்துக்கு வந்ததில்லை, கல்சுவர்க் கூட்டத்துக்கு வந்ததில்லை, வேறு எந்தப் பேச்சுக்கும் அந்தப் படியில் இறங்கியதில்லை, வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, அவர் அந்த இடத்தைத் தாண்டும்வரை... அதைப் போய்த் திமிர் என்று நினைத்திருந்தாள். காவல் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குக் காவல், அப்பாவுக்கா, எனக்கா? பெயர் இன்று சொல்லியாகிவிட்டது, போனையும் சொல்லியாகிவிட்டது, நானே சொன்னேன், ஊர் முன்னால் சொன்னேன், இனி அந்த மனிதர் மறந்துபோய் உளறுவதற்கு என்ன மிச்சமிருக்கிறது, அப்பா போன் பண்ணவே இல்லை என்பதா, என்று அடுத்த வருடமும் இவள் வர வேண்டும் என்கிறாள்...